‘டீச்சர் ஓட்டுன வண்டி’

போன வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தின் நடுவில் எங்கள் கார் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு உயிர் தப்பியதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது. ஏன் என்று புரிய, கார் வாங்கிய இடத்திலிருந்து சொல்ல வேண்டும்.

நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவருக்கு நெய்வேலிப் பக்கம் ஷிப்ட் வேலை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன, பேச்சும் குழறிப்போனது. சிதம்பரத்தில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் போக ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் வாரா வாரம் போக வேண்டும். அம்மாவை பஸ்ஸில் ஏற்றி இறக்குவது நடக்கிற காரியமில்லை. பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மஞ்சக்குப்பத்தில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பார். நல்ல கணீரென்ற குரல். "நம்ம கோயில் ஆளுங்கன்னுதான் டீச்சர் இத எடுத்து வெச்சிருக்கேன். வெளியாளுக்குக் காட்டக்கூட இல்ல" என்றார். வெள்ளைக் கார், புது சீட் கவர், உள்ளே கமகமவென்று சென்ட் வாசனை. ஓட்டிப் பார்த்தோம், குறை எதுவும் தெரியவில்லை. அவர் குரலை நம்பி வாங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் முள்ளெல்லாம் சரிந்து விழும். கண்ணாடி இறங்காது, ஹாரன் அடிக்காது. சில சமயம் இன்ஜினும் அணைந்துவிடும். ஓரமாகத் தள்ளி நிறுத்தித் தவித்துக்கொண்டிருந்தால், சற்று நேரத்தில் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சமத்தாக ஓடும். பேட்டரியை மாற்றினார். டைனமோவை மாற்றினார். எது மாற்றினாலும் திரும்ப அதே கதை.

காரைவிட மனிதர்கள்தான் என்னை அதிகம் நோகடித்தார்கள். மெக்கானிக் என்னிடம் பேசவே மாட்டார். பக்கத்தில் நான் நிற்கும்போதே என் கணவரிடம், "சார், மேடம் கிளட்ச்ச பொசுக்குனு உட்டுடுறாங்களோ என்னவோ. லேடீஸ் ஓட்டுனா இப்டி ஆவும்" என்றார். கிளட்ச்சுக்கும் ஹாரனுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். சிரித்தார். என் கணவரும், "நான் ஓட்டுறப்ப ஒருவாட்டிகூட நிக்கலியே" என்றார். அவர் எப்போதோ ஒருநாள் தெருமுனைவரை ஓட்டுகிறவர். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற எனக்கு, கடைசியில் என் காலின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

என்னை நம்பியது அம்மா மட்டும்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர். ஒருநாள் வார்த்தை வராமல் திணறித் திணறி, "வண்டி... வண்டிதான். நீ இல்ல" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

அந்த ஐப்பசி நாளில் பி.முட்லூர் தாண்டும்போது மழை கொட்டியது. பாலத்தில் ஏறினோம். பாதியில் வைப்பர் அப்படியே நின்றது. முன்கண்ணாடியில் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இன்ஜின் அணைந்தது, ஸ்டியரிங் கல்லாக இறுகியது. எச்சரிக்கைக்கான ஹசார்ட் விளக்குப் பொத்தானை அமுக்கினேன், எரியவில்லை. பின்னால் லாரிகள் வரும் சாலை. வெள்ளைக் காரை அந்த மழையில் யார் பார்ப்பார்கள்? நான் இறங்கி ஓடலாம். அம்மாவால் கதவைக்கூடத் திறக்க முடியாது. "எறங்கு. நீ போ" என்று இடது கையால் என்னைத் தள்ளினார்.

நான் இறங்கிப் பின்பக்கம் போய் துப்பட்டாவை வீசிக்கொண்டு நின்றேன். ஒரு லாரி ஹாரன் அடித்தபடி உரசுவதுபோல் போனது. அடுத்து வந்தது ஒரு பஸ். அதன் டிரைவர் என்னைப் பார்த்துவிட்டார். பிரேக் போட்டு, பஸ்ஸைக் காருக்குப் பின்னால் சற்றுக் குறுக்காக நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நனைந்துகொண்டே இறங்கி வந்தார். அம்மாவின் பக்கம் குனிந்து, "பயப்படாதீங்கம்மா. பின்னாடி நம்ம பஸ்ஸுதான் நிக்குது. அதத் தாண்டி எவனும் வர முடியாது" என்றார். கண்டக்டரும் பயணிகளும் இறங்கினார்கள். என்னை ஸ்டியரிங்கில் உட்காரச் சொல்லி, காரைப் பாலம் முடியும்வரை தள்ளினார்கள். டிரைவர் பஸ்ஸைப் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் "லேட்டாவுது, வரோம்மா" என்று போய்விட்டார்கள்.

ஆட்டோ பிடித்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காரை மறுநாள்தான் எடுத்து வந்தோம். அம்மாவின் மாத்திரை அட்டை சீட்டுக்கு அடியில் விழுந்திருந்தது. அதைத் தேடும்போது தரைவிரிப்பின் ஓரம் கையோடு வந்தது. அடியில் காய்ந்த சேறு. பாளம் பாளமாக வெடித்த வண்டல். ஒயர்கள் கட்டாகப் போகும் பள்ளத்தில் நெல் உமி, சின்னதாக ஒரு நத்தைக்கூடு. ஒயர்களை இணைக்கும் இடமெல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. ஏதோ ஒரு வெள்ளத்தில் அந்தக் கார் சீட்டுவரை முங்கிக் கிடந்திருக்கிறது. அந்தச் சேற்று நாற்றத்தை மறைக்கத்தான் சென்ட்டும் புது சீட் கவரும்.

மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துக் காட்டினேன். "தண்ணியில நின்ன வண்டிங்க இது. ஒயர் மொத்தமும் போயிடுச்சு" என்றார், அப்போதும் என் கணவரைப் பார்த்து. "அதை அவளைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் என் கணவர். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்தேன்.

விற்றவருக்கு போன் செய்தேன். அவர் பதறவில்லை. "வண்டிய எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க டீச்சர், முடிச்சுக்கலாம்" என்றார். திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து, அன்றைக்குச் சமத்தாக ஸ்டார்ட் ஆன காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

கடையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கமாம். அந்தப் பெண் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். டவுன் பஸ் குலுக்கலில் ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியவில்லை என்று கார் தேடி வந்திருந்தார்கள். நான் காரைவிட்டு இறங்குவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்: "இவுங்கதாங்க ஓனர். டீச்சர் ஓட்டுன வண்டி. ஸ்கூல், கோயில், இத வுட்டா வேற எங்கயும் போனதில்ல. நம்பி எடுக்கலாம்."

என்னைத் தனியே அழைத்து, "நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா நில்லுங்க. ஒங்களுக்கு ஒரு நஷ்டமும் வராது" என்றார். ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கும் அதே குரல்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. நேரே காருக்குப் போய்க் கதவைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். "தம்பி, வந்து பாருங்க" என்று அந்தக் கணவனைக் கூப்பிட்டு, பாலத்தில் நடந்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க டீச்சர்" என்றார் கடைக்காரர்.

"எங்க அம்மாவ நடுப்பாலத்துல நிக்க வெச்சதும் இதே பொழப்புதானே?" என்றேன்.

அந்த இளைஞன் எனக்கு நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னிடமே எரிந்து விழுந்தான். "ஒங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்கு எங்கள எதுக்கு லீவு போட்டுட்டு வர வெச்சீங்க?" மனைவிதான் அவன் கையைப் பிடித்து, "வாங்க போலாம்" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, "ஒங்க அம்மா இப்ப நல்லாருக்காங்களாக்கா?" என்று கேட்டாள். "நல்லாருக்காங்கம்மா" என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். நடந்துகொண்டிருக்கிறது. கார் வீட்டு வாசலில் சாட்சியாக நிற்கிறது. அம்மாவை இப்போது வாடகைக் காரில்தான் கூட்டிப் போகிறேன். கடைக்காரர் இன்னமும் பூசையில் வாசிக்கிறார். எங்கள் பங்கிலேயே சிலர், "கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போயிருக்கலாமே" என்று என்னிடம் புத்தி சொல்கிறார்கள். எதை விட்டுக் கொடுப்பது என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

என்னை ஏமாற்றியதைக்கூட நாளாக ஆக மறந்துவிடுவேன் போலிருக்கிறது. ஆனால் என் பெயரையும் என் வேலையையும் காட்டி ஒரு கர்ப்பிணிப் பெண்ணை அந்த சீட்டில் உட்கார வைக்கப் பார்த்தாரே, அந்தக் கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அது குறையவே வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.