கண்ணாத்தாள் கேட்ட பூ

ராசிபுரத்துக்குக் கிழக்கே ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவும் பெண்களுக்குக் கண்ணாத்தாள்தான் தலைவி. யாரும் அவளை அப்படி அமர்த்தவில்லை. கொட்டகையில் கழிவுநீர் ஓடும் மூலை ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் கால் விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த மூலையில்தான் அவள் தன் மணையைப் போட்டுக்கொண்டாள். மேற்பார்வையாளன் கோகுல்ராஜ் யாரைத் திட்ட வந்தாலும், "எங்கிட்டச் சொல்லுங்க, நான் அவளுக்குச் சொல்லிக்கறேன்" என்று நடுவில் நின்று வாங்கிக்கொள்வாள். பெரிய குணங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் பின்னால் போவதற்கு மனிதர்களுக்கு இவ்வளவு போதும். இதற்கு மேலும் ஏதாவது இருக்கிறதா என்று, தேவை வரும்வரை யாரும் பார்ப்பதில்லை.

தேவை தை மாதத்தில் வந்தது. கிழங்கரைக்கும் மிஷினின் பெல்ட்டுக்கு மூடி கிடையாது. கிழங்கு தள்ளிக்கொண்டிருந்த சுகன்யாவின் சேலைத் தலைப்பை அது இழுத்தது. தலைப்பைப் பிடிக்கப் போன வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும் இருக்கிறது.

மறுநாள் காலை பெண்கள் ஆலைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றார்கள். மூடி போடும்வரை கத்தியைத் தொடுவதில்லை என்றாள் குஞ்சம்மாள். முதலாளி காரை விட்டு இறங்காமலே பேசினார்.

"மூடி போட்டா தெனமும் கழட்டிக் கழுவோணும். சீசன்ல அதுக்கெல்லாம் நேரமேது? வாரவங்க வாங்க. வராதவங்களுக்குப் பதிலு வடக்கத்தி ஆளுக வருவாங்க."

கார் உள்ளே போனது. எல்லாரும் கண்ணாத்தாளைப் பார்த்தார்கள்.

"என்னக்கா, சொல்லு. நீ நில்லுன்னா நிக்கறோம்" என்றாள் குஞ்சம்மாள்.

நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. நின்று தோற்றால் அணைந்துபோன ஒவ்வொரு அடுப்பின் முன்னாலும் தன் பெயர்தான் அடிபடும் என்பதும் அதே தெளிவோடு தெரிந்தது. திட்டு வாங்கிப் பழகியவள்தான். ஆனால் அதெல்லாம் அடுத்தவர் தவறுக்கு வாங்கியது. தான் எடுத்த முடிவுக்காக அவள் ஒருமுறைகூட வாங்கியதில்லை.

"ஆத்தாகிட்டப் பூக் கேட்டரலாம், சாமி" என்றாள்.

கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் பூக் கேட்பவர்கள் அவர்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் உத்தரவு. யாரும் மறுக்கவில்லை. பார்க்கப்போனால் எல்லார் முகமும் இளகியது, முதலில் குஞ்சம்மாளின் முகம். மாரியம்மன் முன்னால் பூசாரி எடுத்துப் பிரித்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. வேலையை நிறுத்த உத்தரவில்லை. கண்ணாத்தாளின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அது இறங்கியதைத் தானே கவனித்ததுதான் அவளைக் குத்தியது.

சாயங்காலம் சுகன்யாவைப் பார்க்கப் போனாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சுகன்யா சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கொஞ்சம் பெசஞ்சு குடுக்கா. எடது கையில வரமாட்டேங்குது."

கண்ணாத்தாள் பிசைந்தாள்.

"வெள்ள வந்திருந்தா நின்னிருப்பியாக்கா?"

"நின்னிருப்பேன் கண்ணு."

"ஆத்தா சொன்னா நிப்ப" என்றாள் சுகன்யா. குரலில் கோபமில்லை. "உப்புப் பத்தல, போடு."

மறுநாள் மிஷினுக்கு யார் கிழங்கு தள்ளுவது என்ற பேச்சு வந்தது. கண்ணாத்தாள் முந்திக்கொண்டாள்.

"நாந் தள்றேன்."

"நீ என்னத்துக்குக்கா சொல்ற? நேத்து ஆத்தாதான சொன்னா. இதையும் அவளே சொல்லட்டும்" என்றாள் குஞ்சம்மாள். "அதுவுமில்லாம உங்கையி போயிட்டா, எங்களுக்காக ஆரு போயித் திட்டு வாங்கறது?"

சிரிப்பு எழுந்தது.

"பூவுங் கீவும் வேண்டாம். நாஞ் சொல்றேன், கேளுங்க." கண்ணாத்தாள் அவர்களிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல் முறை.

ஆனால் ஒருத்தி அதற்குள் கோயில் பக்கம் நடந்திருந்தாள், மற்றவர்களும் போனார்கள். கடைசியாகக் கண்ணாத்தாளும் போனாள். ஆளுக்கொரு பொட்டலம். ஒன்றில் மட்டும் சிவப்பு. அது வந்தவள் மிஷினுக்கு. கண்ணாத்தாளுடையதில் வெள்ளை இருந்தது.

சிவப்பு தமிழ்ச்செல்விக்கு வந்தது. கல்யாணமாகி ஆவணியில்தான் அந்த ஊருக்கு வந்தவள்.

"சோசியக்காரன் எனக்குச் செவப்புதான் ராசின்னான். இத முன்னாடியே சொல்லலையே பாவி!" என்று சிரித்தாள். பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாத்தாள் அவளை நிறுத்தி, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுக்கிச் சொருகிவிட்டாள். வளையல்களைக் கழற்றச் சொன்னாள்.

"ஆத்தா பாத்துக்குவா, உடுக்கா" என்று சொல்லிவிட்டுத் தமிழ்ச்செல்வி உள்ளே போனாள்.

மிஷின் ஓடத் தொடங்கியது. கண்ணாத்தாள் தன் மூலையில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். அவள் எடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள்.