யூனியேல் பெயிண்ட் அடித்த மட்கார்டு

எங்கள் எதிர்வீட்டு யூனியேல், எங்கள் ஊர் பிளாசெதாஸுக்கும் பெரிய ஊரான சாந்தா கிளாராவுக்கும் நடுவே காரில் ஆள் ஏற்றி ஓட்டுகிறவன். முன்பு பூகோள வாத்தியார். வகுப்பில் நதிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் வீட்டுக்கு வந்து இனிமேல் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். மனைவி ஒதாலிஸ் சண்டை போடவில்லை. சம்பளம் எவ்வளவு என்று அவளுக்கும் தெரியும்.

வண்டி அவனுடையதல்ல, மாமனார் எவெலியோவுடையது. ஐம்பத்திரண்டாம் வருஷத்து அமெரிக்கக் கார். எவெலியோவுக்குக் கண் மங்கி, ஒருநாள் மாட்டை மோதப் பார்த்தபிறகு சாவியை மருமகனிடம் கொடுத்தார். கொடுக்கும்போது தெரு கேட்கச் சொன்னார்: "ஒரு கீறல் விழுந்துச்சுன்னா சாவி எங்கிட்ட திரும்பி வந்துரணும், மாப்ள." யூனியேலும் சரி என்று தலையாட்டினான். அந்த வண்டி இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

மூன்று வருஷம் கீறல் விழவில்லை. நாலாவது வருஷம், சந்தைக்குப் பின்னால் ஒரு குதிரை வண்டியின் அச்சு உரசி, இடப்பக்க முன் மட்கார்டு நசுங்கிக் கீறிவிட்டது. யூனியேல் அதைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, நான்கு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. ஏனென்றால் எவெலியோ ஞாயிறு தோறும் வண்டியைப் பரிசோதித்தது கையால். முன்பக்கம் ஆரம்பித்து ஒரு சுற்றுத் தடவிக்கொண்டே வருவார். பட்டி பூசிய இடத்தில் அவர் கை வழுக்கிக்கொண்டு போகும். "நல்லா வச்சிருக்கடா" என்பார். அந்த மட்கார்டு இரண்டு வருஷம் சாம்பல் நிறத்தில் ஊரெல்லாம் சுற்றியது. அதைப் பார்க்காத ஒரே ஆள் வண்டிக்குச் சொந்தக்காரர்தான். நானும் சொல்லவில்லை. ஓசியில் என்னை எத்தனையோ முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறான்.

பிறகு எவெலியோவின் பேர் கண் ஆபரேஷன் பட்டியலில் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒதாலிஸ் அவரைத் தலைநகருக்குக் கூட்டிப்போனாள். புதன்கிழமை போன் வந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது, அப்பா ஜன்னலுக்கு வெளியே மரத்தில் இலையைத் தனித்தனியாக எண்ணுகிறார், சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவோம் என்றாள்.

"அக்கா, இலைய எண்றாராம்," என்றான் யூனியேல், என் வாசலில் நின்று. முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல எதுவும் இல்லை.

பெயிண்ட் அடிக்கிற கடையில் இரண்டு மாதத்துக்கு வரிசை இருந்தது. தானே அடிப்பது என்று முடிவு செய்தான். நிறம் கலக்கிக் கொடுப்பது கிராசியானோ. கலருக்கு வண்டியைக் கொண்டுபோனால் அவருக்குக் கோபம் வரும். பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டும். அதிலும் வெளிப்பக்கத்தைப் பார்க்கமாட்டார். வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும், உள்பக்கம்தான் உண்மை பேசும் என்பது அவர் கட்சி. யூனியேல் மூடியைக் கொடுத்துவிட்டு ரேஷன் ரொட்டி வரிசைக்கு ஓடினான். கிராசியானோ உள்பக்கத்து அழுக்கைத் தின்னரில் துடைத்து, அதைப் பார்த்து ஒரு டப்பா கலக்கி, டப்பாவை இறுக அடைத்து வைத்துவிட்டார்.

"ஈரத்துல கலர் வேற மாதிரி காட்டும். பயந்துராத," என்று மட்டும் சொன்னாராம்.

பெயிண்ட் பீய்ச்சக் காற்று வேண்டும். என் வீட்டில் செத்துப்போன ரஷ்ய ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. அதில் செருப்புகளை வைத்திருந்தேன். அதன் மோட்டாரைக் கழற்றி, ஒரு பழைய காஸ் சிலிண்டரில் பொருத்தி, கம்ப்ரஸர் ஆக்கிக்கொண்டான். திருப்பித் தருகிறேன் என்றான். இன்றுவரை தரவில்லை. செருப்புக்கு மோட்டார் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. யூனியேல் வண்டி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டி, மட்கார்டை மட்டும் வெளியே விட்டிருந்தான். தூசி எழும்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தான். தெருவே சுவரோரம் வந்து நின்றுவிட்டது. ஒருவர் கிட்டப் பிடி என்றார், ஒருவர் தள்ளிப் பிடி என்றார். இருவரும் வாழ்நாளில் ஒரு ஜன்னலுக்குக்கூடப் பெயிண்ட் அடித்தவர்கள் இல்லை.

முதல் பூச்சு விழுந்ததும் நான் சொன்னேன், "ஏம்ப்பா, பச்சையா இருக்கே."

"ஈரம்க்கா. காஞ்சா நீலமாயிரும்."

இரண்டாம் பூச்சும் பச்சையாகத்தான் இருந்தது. மூன்றாம் பூச்சின் பாதியில் கரண்ட் போய்விட்டது. மீதியை ஈ மருந்து அடிக்கும் பம்பில் ஊற்றி அடித்து முடித்தான். அழகாகத்தான் வந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வழிசல் இல்லை.

சாயங்காலம் செய்தித்தாளைக் கிழித்தான். வண்டி நீலம். மட்கார்டு நன்றாகக் காய்ந்த இளம்பச்சை.

யூனியேல் தரையில் உட்கார்ந்துவிட்டான். நிறத்தைத் திரும்பக் கலக்க நேரமும் இல்லை, டப்பாவில் பெயிண்டும் இல்லை. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சனிக்கிழமை காலை, என்ன செய்வதென்று தெரியாமல், பற்பசையைத் துணியில் வைத்து அந்த மட்கார்டுக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தான். தப்பான நிறமாவது நன்றாக மின்னட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

பன்னிரண்டரைக்கு வந்துவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே எவெலியோ வந்தார். கையால் தொடவில்லை. வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார், மறுபடி ஒரு சுற்று.

"வண்டிய இப்பிடிக் கெடுத்தது யாரு?"

யூனியேல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். குதிரை வண்டி, பட்டி, ஞாயிறு தோறும் ஏமாற்றியது, ஒன்று விடவில்லை. சொல்லிவிட்டு, "தப்புதான் மாமா," என்று சாவியை நீட்டினான். ஒதாலிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எவெலியோ சாவியை வாங்கிப் பையில் போட்டார். பிறகு பச்சை மட்கார்டில் கை வைத்தார். "இது சரியா இருக்குடா. எங்கப்பா வாங்குனப்போ இதே கலருதான். மத்ததெல்லாம் எதுக்குடா நீலமா கெடக்கு?"

நான்தான் சொன்னேன். "அது நீங்க அடிச்சது எவெலியோ. எட்டு வருஷம் முன்னால, நீங்களே கலக்கி, நீங்களே அடிச்சீங்க. தெருவே பாத்துச்சு. நீலம் புடிச்சுப்போய் மாத்துறீங்கன்னு நெனச்சோம்."

"நானா? நான் பழைய பச்சைய இல்ல கலக்குனேன்!"

ஒதாலிஸ் மெதுவாகத் திரும்பினாள். "டாக்டர் சொன்னாரேப்பா, உங்க கண்ணுல ரொம்ப நாளா மஞ்சளாப் படர்ந்திருந்துச்சுன்னு. அது வழியாப் பாத்தா நீலம் பச்சையாத்தானே தெரியும்?" கழற்றிப் போட்டிருந்த பெட்ரோல் மூடியை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் அவர் அன்று பெயிண்ட் அடிக்க மறந்த இடம். பச்சையாகவே இருந்தது.

எவெலியோ மூடியை வாங்கி, நீலக் கதவோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"எமெலினாகிட்ட கேட்டேனே," என்றார். எமெலினா அவர் மனைவி, நான்கு வருஷம் முன்பு செத்துப்போய்விட்டாள். "அடிச்சு முடிச்சு அவள ஒக்கார வச்சு ஊரச் சுத்தினேன். பழைய கலரு மாதிரியே இருக்கான்னு கேட்டேன். அதேதான், ஒரு மாத்தமும் இல்லன்னா. அப்புறம் உசிரோட இருந்த நாலு வருஷமும் அதேதான்னு சொன்னா."

கண்ணை நனைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒதாலிஸ் கைக்குட்டையோடு ஓடினாள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அப்புறம் யூனியேல் பக்கம் திரும்பினார். "சாவி எங்கிட்டதான் இருக்கும். காலைல வந்து வாங்கிக்க, சாயங்காலம் கொண்டாந்து குடு. நான் பாத்துத்தான் வாங்குவேன், தடவி இல்ல."

"சரி மாமா."

"மீதி வண்டிய இதே பச்சையில அடிச்சிரு. நல்லாத்தான் அடிச்சிருக்க." வலப்பக்கம் நடந்துபோய் முன்கதவில் கை வைத்தார். ஸ்டியரிங் இடப்பக்கம்; இது எமெலினா எப்போதும் ஏறின கதவு. "இத மட்டும் தொடாத."

அடுத்த மாதமே வண்டி முழுக்கப் பச்சையாகிவிட்டது. அந்த ஒரு கதவு நீலம். ஏறுகிறவர்கள் இது ஏன் இப்படி என்று கேட்பார்கள். பெயிண்ட் பத்தவில்லை என்பான் யூனியேல். எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.