நைனா விவசாயி ஆன கதை

என் மகனுக்கு மூன்று வயது. எதைப் பார்த்தாலும் "நம்மளுதா?" என்று கேட்கிறான். அவன் அப்பா ஆபீசில் கடன் வாங்கிக் கட்டிய இந்த வீட்டைக் காட்டி அவன் கேட்கும்போது, ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். பிறகு, அப்படிச் சொல்லியிருக்கலாமா என்று நாளெல்லாம் குழம்புகிறேன். கூடவே என் அப்பா, எங்கள் நைனா, விவசாயியான கதையும் நினைவுக்கு வரும்.

ஐம்பதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. செங்கல்பட்டில் நைனாவுக்கு ஜவுளிக்கடை. துணிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது அதிக விலைக்கு வாங்கி அடுக்கியதெல்லாம், கட்டுப்பாடு போனதும் விலை போகவில்லை. நைனா கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். அதாவது, கடனைத் தீர்க்க வழியில்லை, இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதன்பின் யாரும் வாசலில் வந்து சத்தம்போட முடியாது; எல்லாம் கோர்ட்டு நியமிக்கும் ரிசீவர் பொறுப்பு. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய், அம்மாவின் தாலி, இவற்றைத் தொடமாட்டார்கள். வீட்டைத் தொடுவார்கள்.

அம்மாவுக்கு அது நிறைமாதம். பிள்ளை இந்த வீட்டில்தான் பிறக்கவேண்டும் என்று அழுதுகொண்டே இருந்தார்.

அப்போதுதான் அச்சரப்பாக்கத்திலிருந்து மாமா வந்தார். வரப்புத் தகராறுகளுக்காகவே வாழ்நாள் முழுக்கக் கோர்ட்டுக்கு நடந்ததில் அவர் பாதி வக்கீல். விவசாயி குடியிருக்கும் வீட்டைக் கடனுக்கு எடுக்கக்கூடாதென்று சட்டம் இருப்பதைக் கேட்டுவந்து, கையோடு ஒரு ஜோடி மாட்டையும் ஓட்டிவந்து எங்கள் வாசலில் கட்டினார். கலப்பையைச் சுவரில் சாய்த்தார். "நம்ம நெலத்துல பாதிய நீதான் உழுவுறேன்னு சொல்லு மாப்ள. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நைனாவுக்கு மாடென்றால் நடுக்கம். தலைப்பாகை கட்டிவிட்டும் பயனில்லை. கடையில் துணி அளக்கும் கஜக்கோலின் நுனியில் வைக்கோலைச் செருகி, எட்ட நின்று நீட்டுவார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, மாட்டுக்கு சட்டைக்கு அளவெடுத்துக்கினு கீறியா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. நான் மட்டும் மாடுகளுக்குப் பெயர் வைத்து, நைனா எப்போது ஏர் ஓட்டுவார் என்று காத்திருந்தேன்.

ரிசீவர் வந்த அன்று வாசலில் கூட்டம். வாரந்தோறும் மாமல்லபுரத்துப் பக்கமிருந்து வந்து விற்கும் கருவாட்டுக்கார அம்மாவும் கூடையோடு ஓரமாக நின்றிருந்தார். ரிசீவர் நல்ல மனிதர். மாட்டைப் பார்த்தார், கலப்பையைப் பார்த்தார், உள்ளே சுவரைப் பிடித்து நின்ற அம்மாவையும் பார்த்தார். "விவசாயம்தானேப்பா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, எழுதிக்கிறேன்" என்றார்.

மாமா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். நைனா கூட்டத்தின் ஓரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்தார்.

"இல்லீங்க. நான் துணிக்கடைக்காரன். மாடு எங்க மச்சானுது."

மாமா அன்று மாலையே மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீடு ஏலத்தில் போனது. தம்பி வாடகை அறையில் பிறந்தான். நைனா சைக்கிளில் துணி மூட்டை கட்டிக் கடப்பாக்கம் வரை போய் விற்றார். நாளாவட்டத்தில் கோர்ட்டும் அவருக்குக் கடனிலிருந்து விடுதலை கொடுத்தது.

வீட்டைக் காலி செய்தபோது நான் அம்மாவிடம் கேட்டேன்: "மாட்டுக்குப் பயந்துக்கினுதானே நைனா இல்லேன்னாரு?" பாத்திர மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மா, பல நாளுக்குப் பிறகு சிரித்தார். "ஆமாண்டி. உங்க நைனாவுக்கு அம்மாம் பயம்."

என் கல்யாணத்துக்கு அந்தக் கருவாட்டுக்கார அம்மா மகளோடும் பேரனோடும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை நைனாவிடம்தான் கொடுத்து வைத்திருந்தாராம். வீடு விற்றதில்தான் அவருக்கு ஒரு பங்கு கிடைத்ததாம்.

அதுவரை, மாட்டுக்குப் பயந்து வீட்டை விட்டவர் என்றுதான் நைனாவைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து கேட்ட நைனா ஒருமுறைகூட மறுத்ததில்லை.