காரே வராத மலைப்பாதை

“...அந்த ரோட்டில காரே வராது, பிள்ளை. வந்தாலும் ஒரு ட்ராக்டர்தான் வரும்” என்றார் அத்தான், நான் மேசையில் விரித்த பிரான்ஸ் வரைபடத்தைப் பார்த்தபடி.

லண்டனுக்கு வருமுன் அக்காவும் அவரும் பிரான்சில் இருந்தவர்கள். லீவு நாட்களில் அந்த மலைக் கிராமங்களுக்குள் சைக்கிள் ஓடுவார்கள். அக்கா செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் சனம் செத்த வீட்டைத் தனியே விடாது. வருட முடிவில் வரும் ஆட்டைத் திவசம் வரை ஈஸ்ட்ஹாமில் அவருடைய பிளாட்டுக்கு யாராவது கறி சோற்றோடு வந்துகொண்டே இருந்தார்கள். திவசம் முடிந்ததும், “மனுசனைக் கொஞ்சம் அமைதியா இருக்க விடுங்கோ” என்று எல்லோரையும் மறித்தவள் நான்தான். அதன் பிறகு அவர் சாப்பிடுவதும் குறைந்துபோனது. பழைய பாதையில் ஒருமுறை சைக்கிள் ஓடினால் தேறிவிடுவார் என்று நம்பி, என் கணவரோடு அவருக்கும் டிக்கட் போட்டிருந்தேன்.

“நல்ல இடம் அத்தான். ஒரு சத்தமும் இருக்காது.”

“ஓம், இருக்காது. ஏத்தத்தில உன்ர அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால வருவா. ‘நில்லுங்கோவன், நான் என்ன மாடே?’ எண்டு என்னைப் பேசிக்கொண்டே வருவா. அந்த ரோட்டில அது மட்டும்தான் கேக்கும். இனி என்னத்தைக் கேக்க நான் அங்க போறது?”

ஆறின புண்ணிலும் அசடு நிற்கும், பொருக்கு போகாது என்பார்கள். ஆறாத புண்ணுக்கு நான் மௌனத்தையல்லவா மருந்தென்று கட்டியிருக்கிறேன்!

அத்தான் எழுந்துபோய், தெருப்பக்கத்து ஜன்னல்கள் இரண்டையும் அகலத் திறந்தார். பஸ்களின் இரைச்சல் வீட்டுக்குள் வந்து நிறைந்தது. எனக்கு முதுகைக் காட்டியபடி, அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.