எண்ணெய்க் குளியலும் எட்டாம் வகுப்புப் பரீட்சையும்

என் பேத்தி வேலைக்கும் போகிறாள், ஏதோ பரீட்சைக்கும் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். கேட்டால் மன அழுத்தம் என்கிறாள். வீட்டில் எல்லோரும் அவளை ஏசுகிறார்கள். நான் மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கிழவனுக்குச் செல்லம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருக்கிற ஊர்க்காரர்கள் என் பஸ்ஸில் ஏறாமல் ஒரு கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விட முடியாது. பட்டம் வாங்கிய பிள்ளைகள் என் ஆபீஸில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். கரி அள்ளிப் போடும் கிளீனராக இருந்து இவ்வளவு தூரம் வந்தேன். ஒருத்தன் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை.

அது யுத்தக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரியில் ஓட்டினார்கள். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம் இருக்கும். அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊதிக்கொண்டே இருந்தால் அரைமணி நேரத்தில் வாயு வரும். அந்த வாயுவில்தான் என்ஜின் ஓடும். நெருப்பு என் பொறுப்பு. கொஞ்சம் அசந்தால் அணைந்துவிடும், அப்புறம் முதலிலிருந்து ஊத வேண்டும். மற்ற பஸ்கள் வழியில் நின்று புகைந்துகொண்டிருக்கும். என் பஸ் ஒருநாளும் நெருப்பு அணைந்து நின்றதில்லை. "இவன் ஊதுனா கல்லுகூட எரியும்டா" என்று டிரைவர் அண்ணனே சொல்வார். அவர் லேசில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை.

அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கடலை மில் இருந்தது. என் மனைவி அங்கே பருப்புப் பொறுக்கப் போவாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தரையில் உட்கார்ந்து சொத்தைப் பருப்பை ஒரு பக்கமும் நல்ல பருப்பை ஒரு பக்கமுமாகத் தள்ள வேண்டும். ஆண்டிமடத்துப் பக்கம் அவள் பிறந்த ஊர், ஏழாவதுவரை படித்திருந்தாள். பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளின் கடிதங்களை மில் பெண்கள் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். கெட்ட செய்தி இருந்தால் முதலில் மனசுக்குள் படித்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, அப்புறம்தான் வாய்விட்டுப் படிப்பாளாம்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நான் எட்டாவது பரீட்சை எழுதட்டுமாங்க? பாஸ் பண்ணிட்டா டிரெயினிங்குக்கு எடுத்துக்குவாங்களாம். அப்புறம் டீச்சர் வேலை. பொண்ணுங்க பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா சொன்னாங்க."

"நீயா? டீச்சரா?"

"ஏன், ஆகக்கூடாதாங்க?"

ஆகக்கூடாது என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்? மறுநாளே பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் விடாமல் சொல்லிவிட்டேன். டிரைவர் அண்ணன் என்னை "வாப்பா, டீச்சர் வூட்டுக்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெயர் எனக்கு இனித்தது.

கோழி கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து சமைப்பாள். மில்லுக்குப் போய் இருட்டும் நேரத்துக்கு வருவாள். மறுபடியும் அடுப்பு. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். சிம்னி விளக்கில் இருக்கிற எண்ணெய் தீரும்வரை புத்தகம். இப்படி ஏழெட்டு மாதம். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குழம்பில் ஒருநாள் உப்பு இருக்காது, ஒருநாள் இரண்டு தடவை இருக்கும். பின்னக் கணக்கு வரவில்லை என்று புத்தகத்தின் மேலேயே அழுவாள். ஒருநாள் சாப்பிடும்போது பார்க்கிறேன், சோற்றை வாயில் வைக்காமல் ஒவ்வொரு பருக்கையாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருக்கிறாள். பொறுக்குகிறாள்.

"என்ன புள்ள பண்றே?" என்றேன்.

கையைப் பார்த்தாள். "தெரியலைங்க," என்றாள்.

சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். வைத்தியரைப் போய்ப் பார்த்தேன்.

"மண்டைச் சூடுப்பா. வெள்ளிக்கிழமை தவறாம நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு. குளிச்ச அன்னைக்குப் பகல்ல தூங்க வுடாதே. தூங்குனா சூடு உள்ளயே தங்கிடும்," என்றார்.

வெள்ளிக்கிழமை மில்லுக்கு விடுமுறை. அவளுக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் அதுதான். டிரைவர் அண்ணனிடம் சொல்லி வெள்ளிக்கிழமைக்கு வேறு ஆளை மாற்றிவிட்டு நான் வீட்டில் இருந்தேன். உச்சந்தலையில் எண்ணெய் வைத்து நானே தேய்த்துவிடுவேன். எங்கள் தெருவில் எந்தப் புருஷன் செய்தான் அதை? சீயக்காய் போட்டுக் குளித்து, சாதம் சாப்பிட்டு உட்கார்ந்தால் அவளுக்குக் கண் சொருகும். எண்ணெய்க் குளியல் யாரையும் தூக்கிப் போடும். வாரம் முழுக்கத் தூங்காதவளைக் கேட்கவா வேண்டும்? நான் விடமாட்டேன். முகத்தில் தண்ணீர் தெளிப்பேன். கொல்லையில் நடந்துகொண்டே வாய்ப்பாடு சொல்லச் சொல்வேன். சுவரில் சாய்ந்தால் தட்டைத் தட்டுவேன்.

"கொஞ்ச நேரம்ங்க. ஒரு நாழிகை கண்ணை மூடிக்கிறேன்."

"அணைஞ்சா மறுபடி புடிக்காது. நெருப்பு வேலை எனக்குத் தெரியும். எழுந்திரு."

எழுந்து நடப்பாள். சில சமயம் நான் வெளியே போய்விட்டு வரும்போது சுவரோரம் தலை தொங்கியிருக்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்துகொள்வாள். "தூங்கலைங்க. சும்மா கண்ணை மூடியிருந்தேன்."

அவள் தலையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பரீட்சை பெரம்பலூரில், சனிக்கிழமை காலை. முதல் பரீட்சையே கணக்கு. முதல்நாள் வெள்ளிக்கிழமை. வழக்கத்தைவிட ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாகவே வைத்தேன். பகல் முழுக்க ஒரு நிமிஷம் கண்ணை மூடவிடவில்லை. விடியும் நேரத்துப் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அவளை உட்கார வைத்தேன்.

பாதி வழியில், ஓடைப் பாலம் தாண்டினால் ஒரு மேடு வரும். கரி வாயுவுக்கு அந்த மேட்டில் பலம் பத்தாது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அன்றைக்கும் முப்பது பேரையும் இறக்கினேன். அவளை மட்டும் இறங்க வேண்டாம் என்றேன்.

சந்தைக்குப் போகிற பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்டார். "ஏம்ப்பா, நாங்க தள்ளணும், உன் பொண்டாட்டி மகாராணியாட்டம் உள்ள குந்தியிருக்கணுமா?"

"டீச்சரம்மாங்க. பரீட்சைக்குப் போறாங்க. நாளைக்கு உங்க பேரனுக்கு அவங்கதான் பாடம் சொல்லுவாங்க."

"அடேங்கப்பா! அப்ப நல்லாத் தள்ளுங்கப்பா. இல்லாட்டி எல்லாரையும் பெஞ்சு மேல ஏத்திடப் போறாங்க!"

சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்போது உள்ளே பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அவள் கண்ணை மூடியிருந்தாள். தள்ளுவதை விட்டுவிட்டு முன்னால் ஓடி, தகரத்தில் படபடவென்று தட்டினேன்.

"ஏய்! தூங்குனா படிச்சதெல்லாம் போயிடும்!"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "தூங்கலைங்க."

என்ஜினுக்கு மூச்சு வாங்கினால் முப்பது பேரை இறக்கிவிடத் தெரிந்த ஆள் நான்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். பரீட்சை முடிந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கடைசியாக அவள் வந்தாள். கன்னத்தில் பெஞ்சுப் பலகையின் தடம் பதிந்திருந்தது. கூடவே மேற்பார்வைக்கு இருந்த வாத்தியாரும் வந்தார்.

"நீங்கதான் வூட்டுக்காரரா? தலையைக் கவுத்துக்கிட்டு மனக்கணக்குப் போடுதுன்னு நெனைச்சேங்க. பேப்பர் வாங்கப் போய்த்தான் பார்த்தேன். பேரும் நம்பரும்தான் எழுதியிருக்கு. பாவம், நல்லாத் தூங்கிடுச்சு," என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அழுகையை எதிர்பார்த்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்குனேங்க," என்றாள் மெதுவாக.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமாயிருந்திருக்கும். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பேசி ஜெயித்திருக்கிறேன். அன்றைக்கும் பேசினேன்.

"ஊரெல்லாம் சொல்லி வெச்சேனே. தூங்கவா உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன்?"

அந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. "இல்லைங்க," என்றாள்.

திரும்பும்போது காலையில் வந்தவர்களில் பாதிப்பேர் பஸ்ஸில் இருந்தார்கள். அந்தப் பெரியவர், "என்ன டீச்சரம்மா, எங்களத் தள்ள வெச்சது வீண் போகலையே?" என்று கேட்டார். நான் டிரம்மைக் கிளறப் போகிறவன்போலப் பின்னால் போய்விட்டேன். வழியில் இன்னொரு மேட்டில் பஸ் திணறியது. யாரும் சொல்வதற்கு முன்னால் முதலில் இறங்கியவள் அவள்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்று பஸ்ஸைத் தள்ளினாள். வேண்டாம், ஏறிக்கொள் என்று நான் சொல்லவில்லை.

மீதிப் பரீட்சைகளுக்கு அவள் வரவில்லை. மறுநாளே மில்லுக்குப் போய்விட்டாள். புத்தகங்களைப் பெரிய டீச்சரம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வருஷம் நானே கேட்டேன். "வேணாங்க. எனக்குத் தூக்கம் வந்துடுது," என்றாள். அவ்வளவுதான். கடிதம் மட்டும் படித்துக் கொடுப்பாள்.

நான் லைசென்ஸ் எடுத்தேன், டிரைவரானேன், ஒரு பஸ் வாங்கினேன், அப்புறம் பல பஸ் வாங்கினேன். மாடி வீடு கட்டி, தேக்குக் கட்டில் போட்டு, அவளுக்கென்று தனியாக மின்விசிறி மாட்டிக் கொடுத்தேன். வேலைக்கு ஆள் வைத்தேன். பகலில் படுத்துக்கொள்ளச் சொல்லி நானே எத்தனையோ தடவை சொன்னேன். படுப்பாள். என் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். முடியெல்லாம் நரைத்த பிறகும் அதே வார்த்தைதான். "தூங்கலைங்க. சும்மா கண்ணை மூடியிருந்தேன்."

கடைசி மாதங்களில் அவளுக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர் நன்றாகத் தூங்க வேண்டும் என்றார். தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருவேன். முதலாளி வெறுங்காலோடு நடந்து வருவதைப் பார்த்து என் டிரைவர்களே சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். ஒருநாள் மத்தியானம் அப்படி வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அசையாமல் நின்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் என் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

கட்டில் கிரீச்சிட்டது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"தூங்கலைங்க."