ஞானஸ்நான உடுப்பில் ஓர் ஆங்கிலக் குழந்தை

அந்த அல்பத்தைத் திறந்தால் முதலில் வருவது ஒரு மணம். மழையில் நனைந்து சரியாகக் காயாமல் போன சப்பாத்துத் தோலின் மணமும், நெடுநாள் பூட்டிக் கிடந்த அலுமாரியின் மணமும், அவற்றுக்கு அடியில் எங்கேயோ பழைய பசையின் புளிப்பும் சேர்ந்து எழும். அம்மா உடனே மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பார், குளிர் உள்ளே வரும், அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். ஈஸ்ட் ஹாமில், கீழே வேறொருவரும் மேலே நாங்களுமாக இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் என் எட்டாவது வயதின் குளிர்காலம் முழுவதும் இப்படித்தான் திறந்தும் சாத்தியும் கழிந்தது.

அல்பத்தைக் கொண்டுவந்தவர் அப்பா. பாண் சுடும் தொழிற்சாலையில் விடியக்காலை ஷிப்ட் முடித்துவிட்டு நடந்து வரும் வழியில், யாரோ வீடு மாறிப் போகிறவர்கள் தங்கள் முன்மதிலின் மேல் சாமான்களைப் பரப்பி, விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கடதாசியில் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் கெற்றிலையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு போக, அப்பா பித்தளைக் கொளுக்கி போட்ட, தலையணை அளவு தடிப்பான ஓர் அல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். உள்ளே நூறு வருடத்துக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர்களின் படங்கள். "இவையளைக் கழட்டிப்போட்டு எங்கட படங்களைப் போடுவம்" என்றார்.

நல்ல யோசனைதான், போடுவதற்குப் படம் இருந்திருந்தால். எங்கள் படங்களெல்லாம் மன்னாரில் வீட்டோடு எரிந்துபோயிருந்தன. எங்களிடம் இருந்தவை மூவருடைய கடவுச்சீட்டுப் படங்களின் மிச்சப் பிரதிகளும், பள்ளிக்கூடத்தில் எடுத்த என்னுடைய ஒரு படமும்தான். அந்த அல்பத்தின் பக்கங்கள் மட்டை போன்றவை. ஒவ்வொன்றிலும் ஜன்னல் போல ஓட்டை வெட்டி, படத்தை இடுக்கு வழியாகச் செருகும்படி செய்திருந்தார்கள். அப்பா தன் கடவுச்சீட்டுப் படத்தைச் செருகிப் பார்த்தார். அது ஓட்டையை விடச் சிறியது. வழுக்கிக்கொண்டு மட்டைக்குள்ளே போய்விட்டது. ஊசியால் கிண்டி எடுக்க அரைமணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, வெள்ளைக்காரர்கள் எங்களோடு தங்கிவிட்டார்கள்.

தொலைக்காட்சி வாங்காத வீடு. ஆகவே நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் தங்கள் முறை வருவதற்குக் காத்திருப்பவர்களின் முகம் எல்லாருக்கும் இருந்தது, அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன். காதுவரை மீசை வளர்ந்த ஒருவருக்கு "மீசை அங்கிள்" என்று பெயர் வைத்தேன். மூன்று பக்கங்களில் மூன்று வெவ்வேறு வயதில், ஆனால் ஒரே மாதிரி உயர்ந்த கொலரோடு வரும் ஒரு பெண்ணுக்கு "கொலர் அக்கா". கறுப்பு உடுப்பால் கழுத்துவரை மூடிக்கொண்டு, கையில் புத்தகத்தோடு ஒரு பெண் இருந்தார். அம்மா அவரை மட்டும் நெடுநேரம் பார்ப்பார். "இவவுக்கு ஆரோ செத்திருக்கினம்" என்பார். படங்கள் பழுத்துப் பழுப்பேறி இருந்ததால் எல்லாருமே எங்கள் நிறமாக இருந்தார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயர் மண்ணிறம், பிறகுதான் வெளுத்தார்கள் என்று நான் கொஞ்சக்காலம் நம்பியிருந்தேன்.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு குழந்தை. எட்டு மாதம் இருக்கும். பாதத்துக்குக் கீழேயும் தொங்குகிற நீண்ட வெள்ளை லேஸ் உடுப்பு, அதே துணியில் தொப்பி. பூப்போட்ட தடித்த துணியால் மூடிய உயரமான கதிரை ஒன்றில் அதைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் யார் பார்த்தாலும் ஒன்றையே சொல்வார்கள்: இது ஞானஸ்நானப் படம்.

இங்கே என் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூட் என்று பெயர். நான் பிறப்பதற்கு முன்பே, சண்டைக்குப் பயந்து ஊர் இடம்பெயர்ந்தபோது, காட்டுப் பாதையில் காய்ச்சல் கண்டு எட்டு மாதக் குழந்தையாக இறந்துபோனான். அவனுக்கும் ஞானஸ்நானத்தில் படம் எடுத்தார்களாம். அது வீட்டோடு போயிற்று. ஒவ்வொரு மாசி மாதமும் அவனுடைய ஆண்டு நினைவுக்குப் பூசை சொல்வித்து, ஞாயிறு மத்தியானம் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் செபமாலை சொல்லிச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வழக்கம். மற்ற வீடுகளில் இறந்தவரின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு, அதன் முன்னே மெழுகுதிரி கொளுத்துவார்கள். எங்கள் வீட்டில் மெழுகுதிரி மட்டும் எரியும். எல்லாரும் முழங்காலில் நின்று வெறும் சுவரைப் பார்த்துச் செபிப்போம். அம்மா சுவரைப் பார்க்கமாட்டார், கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த மாசி நினைவு நாளுக்கு முந்தின கிழமை, பள்ளி விட்டு வந்த என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருந்த ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனார். கல்யாணப் படம், கடவுச்சீட்டுப் படம், செத்தவீட்டுப் படம் மூன்றும் செய்கிற தமிழ் ஸ்ரூடியோ. அங்கே இருந்த குணம் அண்ணை கெட்டிக்காரர். படத்தில் இடுப்புச் சாரத்தோடு நின்றவருக்குக் கோட்டுப் போடுவார், வேறு வேறு வருடம் இறந்த கணவனையும் மனைவியையும் ஒரே கதிரைச் சோடியில் இருத்துவார். அம்மா கைப்பையிலிருந்து அந்தக் குழந்தையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைப் பெரிசாக்கித் தர ஏலுமோ தம்பி? பிள்ளை மட்டும் போதும். கதிரை வேண்டாம்."

குணம் அண்ணை படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் லண்டன் ஸ்ரூடியோ ஒன்றின் பெயர் தங்க எழுத்தில் வளைந்து வளைந்து இருந்தது. அம்மாவைப் பார்த்தார். பிறகு, "ஓம் அக்கா, செய்யலாம். கன்னத்தில ஒரு பொட்டு வைக்கட்டோ?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினார்.

ஒருவரிடமும் சொல்லாதே என்று வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னிடம் சொல்லவில்லை. சுவரில் மாட்டியபோது அப்பா நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு ஆணி இறுகியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். "ஞானஸ்நானப் படமோ?" என்று கேட்டார்கள், அம்மா "ஓம்" என்றார். அப்பாவின் தங்கை, ஹரோவில் இருந்ததால் நாங்கள் ஹரோ மாமி என்று கூப்பிடுகிறவர், யூட் அண்ணை பிறப்பதற்கு முன்பே லண்டனுக்கு வந்துவிட்டவர், படத்தின் முன்னே நின்று "என்ர அண்ணையின்ர நெத்தி அப்பிடியே" என்று அப்பாவைக் காட்டிச் சொல்லி அழுதார். அன்றைக்குச் செபமாலை சொல்லும்போது அம்மா கண்ணைத் திறந்துவைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் அம்மா படத்தோடு பேசினார். காலமை தேத்தண்ணி வைக்கும்போது, மழை பெய்கிறது, அப்பாவுக்கு இருமல் என்று ஏதோ சொல்வார். எனக்கு அது பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியில் நான் எடுத்த புள்ளிகளைச் சொன்னால் "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்ப்பார். சுவரில் இருக்கிறவன் ஒன்றும் எடுக்காமலே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த தை மாதம் வகுப்பில் விக்டோரியா காலத்துப் பாடம் தொடங்கியது. லண்டனில் படித்த எவருக்கும் அது நினைவிருக்கும். மிஸ் திரையைத் தொங்கவிட்டுப் படம் படமாகக் காட்டுவார்: புகைபோக்கிக்குள் ஏறும் பையன்கள், சலவைப் பலகையோடு நிற்கும் பெண்கள், மூடுபனிக்குள் குதிரை வண்டிகள். பழைய படம் வீட்டில் இருந்தால் கொண்டுவரலாம் என்றார். மற்றவர்கள் வீட்டில் இல்லை, என் வீட்டில் ஓர் அல்பமே இருந்தது. அந்த வகுப்பில் முதன்முறையாக எனக்கு ஒரு மரியாதை வந்தது.

மிஸ் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வந்து, குணம் அண்ணை வேலை முடித்துத் திருப்பித் தந்திருந்த அந்தக் குழந்தையின் பக்கத்தில் நின்றார். எல்லாரையும் கிட்ட வரச் சொன்னார். அந்தக் காலத்துக் கமெரா ஒரு படத்துக்குப் பல விநாடிகள் எடுத்துக்கொள்ளும், குழந்தை அசைந்தால் படம் குழம்பிவிடும், ஆகவே தாய் தலைமுதல் கால்வரை துணியால் மூடிக்கொண்டு கதிரை மாதிரி இருந்து பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள் என்று விளக்கினார். "இது கதிரை இல்லை, பாருங்கள்" என்று பென்சிலால் காட்டினார். குழந்தையின் அக்குளுக்குக் கீழே, துணிக்குள்ளிருந்து, நான்கு விரல்களின் மேடு தெரிந்தது. நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அத்தனை மாதம் அந்தப் படத்தைப் பார்த்த எனக்கு அது தெரியாமல் போனதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

மாசி பிறந்த அந்தக் கிழமை முடிவில் அண்ணையின் நினைவு நாள். பூசை முடிந்து, முன்னறையில் சப்பாத்துகளைக் கழற்றிக் குவித்துவிட்டுப் பதினைந்து பேர் நெருங்கி இருந்தார்கள். ஹரோ மாமி என்னை இழுத்து அணைத்துப் படத்தைக் காட்டி, "உன்ர அண்ணையைப் பார். உனக்கும் அவனுக்கும் ஒரே கண்" என்றார். நான் வகுப்பில் பெரிய ஆள் ஆகி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"அது அண்ணை இல்லை மாமி. அது விக்ரோறியன் பேபி. அதின்ர அம்மா பின்னால துணிக்குள்ள ஒளிச்சிருக்கிறா."

நம்பமாட்டார்கள் என்று நினைத்து ஓடிப்போய் அல்பத்தை எடுத்துவந்து, பக்கத்தைத் திறந்து, மிஸ் காட்டியது போலவே விரல்களைக் காட்டினேன். மாமி அல்பத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். யாரோ ஒரு அன்ரி சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்து சும்மா கிளறினார். அப்பா எழுந்து, "தேத்தண்ணி குடியுங்கோ, ஆறப்போகுது" என்றார். தேத்தண்ணி அப்போது ஊற்றப்பட்டிருக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அம்மா கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினார். எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

"எனக்குத் தெரியாதே பிள்ளை?" என்றார். "நான் பெத்தவன் இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? அவன்ர முகம் எனக்கு மறந்துகொண்டு போகுது. போன வருசம் மூக்கு மறந்து போச்சு. ஒரு முகமும் இல்லாமல் நான் எங்க பார்த்து அழுறது?"

கோபம் இல்லாத குரல். களைத்த குரல்.

சட்டத்தைக் கழற்றிப் படத்தை அம்மா என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அல்பம் அந்தக் கோடையில், கோயிலில் பழைய சாமான் விற்கும் சந்தைக்குப் போயிற்று; மீசை அங்கிளும் கொலர் அக்காவும் கறுப்பு உடுப்புக்காரியும் யாரோ ஒருவரோடு போனார்கள். அடுத்த மாசியிலிருந்து மறுபடியும் வெறும் சுவர், மறுபடியும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வரவர ஆட்கள் வருவது குறைந்தது, நாங்களும் கூப்பிடுவதைக் குறைத்தோம். அதற்குப் பிறகு மோர்டனுக்கு வீடு மாறினோம். அப்பா இறந்துபோனார். நான் ஓர் உள்ளூராட்சிக் கவுன்சிலில் வீட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, வீடு இல்லாதவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்வதை இருபது வருடமாகச் செய்துவருகிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் அம்மாவும் போய்விட்டார். முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் படங்களோடு நினைவு மலர்ப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். அச்சகத்துப் பையன், நல்ல பிள்ளை, எல்லா விவரத்தையும் போனிலேயே கேட்டு வாங்கினான். பிள்ளைகளின் பக்கத்துக்கு வந்ததும், "மூத்தவரின்ர படமும் அனுப்புங்கோ அக்கா" என்றான். இல்லை என்றேன். "ஒரு பெட்டி வெறுமையாக் கிடந்தால் வடிவில்லை. நெட்டில ஏதும் பேபியை எடுத்துப் போடட்டோ? ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். நானே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வேலைக்குப் போகும் வழியில் ரயிலிலும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும், அருங்காட்சியகங்கள் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் பழைய படங்களுக்குள் அந்தக் குழந்தையைத் தேடினேன். நான் நினைத்திருந்தது உலகத்தில் அப்படி ஒரே ஒரு படம்தான் இருக்கும் என்று. துணியால் மூடிய தாய்மார் முடியவே இல்லை. பூத்துணி, கம்பளி, திரைச்சீலை, சிலரை அப்படியே மைபூசி அழித்தும் இருந்தார்கள். நான்காம் நாள் கண் எரிந்தது. எங்கள் குழந்தை கிடைக்கவில்லை. வெள்ளை உடுப்போடு, எட்டு மாதம் மதிக்கத்தக்க இன்னொரு குழந்தையை எடுத்து அனுப்பினேன். "பின்னால ஏதோ துணி கிடக்கு, வெட்டிவிடட்டோ அக்கா?" என்று பையன் கேட்டான். வேண்டாம் தம்பி, அப்படியே விடுங்கோ என்றேன்.

அந்த ஈஸ்ட் ஹாம் ஸ்ரூடியோ இருந்த இடத்தில் இப்போது போன் திருத்துகிறார்கள். குணம் அண்ணை எங்கே என்று அங்கே கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. யூட் அண்ணையின் முகத்தைக் கண்ட கடைசி ஆளையும் நாங்கள் அடக்கம் செய்துவிட்டோம். இனி அவனை மறப்பதற்குக்கூட ஆள் இல்லை.

மலர் கிடைத்த அன்று ஹரோ மாமி எனக்குப் போன் எடுத்தார். எண்பது வயது, பழைய கதைகளில் பாதி அவருக்கு நினைவில் இல்லை, எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது. அம்மாவைப் பற்றிப் பேசினார், தன் முழங்காலைப் பற்றிப் பேசினார்.

"மூத்தவன்ர படத்தை எங்க பிள்ளை கண்டெடுத்தனி?" என்று கேட்டார்.

"அம்மா வச்சிருந்தவா மாமி" என்றேன்.