வீட்டுக்கு வந்தால் வரும் இழுப்பு

எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தால்தான் மகளுக்கு மூச்சு இழுக்கும். அப்போது அவளுக்கு நாலு வயது. ஆஸ்பத்திரியில் துள்ளித் திரிவாள். டொக்டர் நெஞ்சைச் சோதித்து, வீட்டுக்குப் போகலாம் என்பார். ஜெர்மனியில், எங்கள் டோர்ட்மண்ட் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி அவளை அறையில் படுத்தினால், கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் விசில் கேட்கத் தொடங்கும். திரும்பவும் அம்புலன்ஸ், திரும்பவும் அதே வார்டு.

இழுப்பு, வயிற்றோட்டம், காய்ச்சல் வலிப்பு, இவற்றால் பிள்ளைகள் திரும்பி வருவது வழமைதான் என்றார் டொக்டர். வீட்டில் யாரும் புகைக்கிறார்களா, பூனை நாய் உண்டா, சுவரில் பூஞ்சணம் உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

இரண்டாம் முறை போய் வந்தபோது மேல்மாடி ஜெர்மன்காரி என்னைப் படியில் மறித்தாள். எங்களுக்கு முன் அங்கே இருந்த கிழவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவராம். நெஞ்சில் தூசி அடைத்து, மகள் படுக்கும் அந்த அறையில்தான் மூச்சுக்குத் தவித்துச் செத்தாராம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மார்கழியில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். மகளின் இழுப்போடு இன்னொருவரின் இழுப்பும் அந்த அறையில் எனக்குக் கேட்டது.

"அம்மா, வீட்டில ஆர் என்ர நெஞ்சில ஏறி இருக்கிறது?" என்று ஒருநாள் மகள் கேட்டாள்.

கீழ்மாடியில் கணவரின் அக்கா, என் மச்சாள், இருந்தார். எங்கள் வீட்டுப் பூட்டின் திறப்பு ஒன்று அவரிடமும் உண்டு. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"நீ பயப்பிடாதை, பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார் மச்சாள்.

மூன்றாம் முறை மகளைக் கூட்டிவந்தபோது, படியிலேயே அலறல் கேட்டது. எங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான். மகள் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கணவர் கதவைத் தள்ளித் திறந்தார்.

அறை முழுக்க வெள்ளைப் புகை. அதற்குள் மச்சாள் ஒரு கையில் சாம்பிராணித் தட்டோடு நின்று, கூரையில் அலறிக்கொண்டிருந்த புகை அலாரத்தை மற்றக் கையால் துவாய் விசுக்கி அடக்கப் பார்த்தார். அது அன்று காலைதான் வீட்டுக்காரரின் ஆள் புதிதாகப் பொருத்திவிட்டுப் போனது. பழையதின் பற்றரியை மச்சாள் எப்போதோ கழற்றிவிட்டாராம்.

"நீங்கள் வாறதுக்கு முதல் ஒவ்வொருக்காலும் போடுறதுதானே. இண்டைக்கு அந்தக் கிழவனுக்கெண்டு கொஞ்சம் கூடப் போட்டனான்," என்றார்.

குளிருக்கு ஜன்னல்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. சாம்பிராணி எங்களுக்கு வீட்டின் வாசம். டொக்டர் கேட்ட புகைக்குள் அதைச் சேர்க்க எங்களில் யாருக்குத் தோன்றும்? எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மச்சாள் தட்டை வைத்துவிட்டுக் குந்தியிருந்து அழுதார்.

அதன்பின் சாம்பிராணியும் இல்லை, அம்புலன்ஸும் இல்லை. மகள் வளர்ந்துவிட்டாள், அந்த நாட்கள் நினைவில் இல்லை என்கிறாள். ஆனால் பள்ளியால் வந்து திறப்பைப் போடுமுன், வாசலில் நின்று ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்துக்கொள்கிறாள். அதை அடக்கியபடியேதான் உள்ளே வருகிறாள்.